மது சாராக் கொழுப்புக் கல்லீரல் நோய்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

வேறொரு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேன் அறிக்கையின் மூலமே பலர் தமக்குக் ‘கொழுப்புக் கல்லீரல்’ இருப்பதை முதன்முதலில் அறிகின்றனர். மது அருந்தாதவர்களுக்கும் இந்நோய் வரும். தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. ஆயினும், நோயை முழுமையாக மாற்றக்கூடிய காலம் அதுவே.

நோயின் தன்மை

கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு படிவதே இந்நோய். சிலருக்கு இக்கொழுப்பு அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சி பல ஆண்டுகள் நீடித்தால் தழும்புகள் தோன்றி, கல்லீரல் சுருக்கமாகவும் (சிரோசிஸ்) புற்றுநோயாகவும் முற்றக்கூடும். மாரடைப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது.

யாருக்கு வரக்கூடும்?

நீரிழிவு, உடற்பருமன், இரத்தத்தில் மிகுதியான ட்ரைகிளிசரைடு ஆகியவை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். மெலிந்த தோற்றமுடையவர்களுக்கும் வரலாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவைத் தாண்டினால் கவனம் தேவை.

பரிசோதனைகள்

ஸ்கேன் அறிக்கையில் உள்ள ‘கிரேடு 1, 2, 3’ என்பவை கொழுப்பின் அளவை மட்டுமே காட்டும். தழும்பின் அளவைக் காட்டா. கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை எனக் கொள்ளலாகாது. வயது, இரு கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் ‘ஃபிப்-4’ மதிப்பு, தழும்புக்கான வாய்ப்பை மதிப்பிட உதவும். தேவையெனில் ‘ஃபைப்ரோஸ்கேன்’ பரிந்துரைக்கப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* உடல் எடை மிகுந்திருந்தால் படிப்படியாகக் குறையுங்கள். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கொழுப்பு குறையத் தொடங்கும். 8 கிலோ குறைத்தால் அழற்சியும் தழும்பும் குறைய வாய்ப்புண்டு. பட்டினி கிடத்தல் கூடாது.
* வாரத்திற்கு 150 நிமிடங்கள் விரைவாக நடங்கள்.
* சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறி, கீரை, பயறு வகைகளைக் கூட்டுங்கள். குளிர்பானம், இனிப்பு, பொரித்த பண்டங்களைத் தவிருங்கள்.
* மதுவை அறவே தவிருங்கள்.
* நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேளாமல் ‘கல்லீரல் டானிக்’, மூலிகை மருந்து எதையும் உட்கொள்ளாதீர்கள். சில மூலிகைகள் கல்லீரலையே பாதிக்கும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

நோயாளிக்கெனத் தனிச் சமையல் தேவையில்லை. இவ்வுணவுமுறை வீட்டிலுள்ள பெரியவர் அனைவருக்கும் ஏற்றதே. கண் மஞ்சளாதல், வயிறு அல்லது கால் வீக்கம் தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரை அணுகுங்கள். இரத்த வாந்தி, கருநிற மலம், மனக்குழப்பம் ஏற்பட்டால் உடனடியாக 108 ஆம்புலன்சை அழையுங்கள்.