கிரேன் இல்லை, செயின் பிளாக் இல்லை.. 150 கிலோ கார் எஞ்சினை நகர்த்துவது எப்படி?

பழைய கார் எஞ்சின் ஒன்றை விலை பேசி வாங்கியாச்சு. 'குட்டி யானை' வண்டியில் ஏற்றி எட்டயபுரம் வரைக்கும் கொண்டு வந்தாச்சு. இனி அதை இறக்கி பட்டறைக்குள் கொண்டு போகணும். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போனால் கன்டெய்னரையே அலேக்காகத் தூக்கும் கிரேன்கள் நிற்கும். அதே மாவட்டத்தில் இருக்கும் ஒரு சின்ன பட்டறையில்? "அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க" என்ற குரல்தான் அங்கே கிரேன். டீக்கடையில் நிற்கும் நாலு பேர் வருவாங்க, ஆளுக்கு ஒரு மூலையைப் பிடிப்பாங்க. விபத்து ஆரம்பிக்கும் இடமும் அதுதான்.

நாலு பேர் சேர்ந்து தூக்கினால் என்ன தப்பு?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூணு சிலிண்டர் உள்ள சின்ன கார் எஞ்சின் 100 கிலோவுக்குள் அடங்கிடும். பழைய அம்பாசடர், ஜீப் மாதிரியான வார்ப்பிரும்பு டீசல் எஞ்சின் என்றால், கியர் பாக்ஸோடு சேர்த்து 200 கிலோவைத் தொடும். நடுவில் 150 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் ஆளுக்கு 37 கிலோவுக்கு மேல் வருது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒருத்தர் தூக்கும் எடைக்கு 23 கிலோ என்று வரம்பு வைத்திருக்கு. அதுவும் பிடிமானம், தரை, நிற்கும் நிலை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும்தான். எஞ்சினில் பிடிமானமே கிடையாது. ஒரு பக்கம் வழுக்கும் ஆயில், இன்னொரு பக்கம் கையைக் கிழிக்கும் விளிம்பு. நாலு பேரில் ஒருத்தருக்குக் கை நழுவினால் அவர் பங்கு எடை ஒரே நொடியில் மற்ற மூணு பேர் மேல் ஏறும். முதுகு பிடிப்பதும் விரல் நசுங்குவதும் அப்போதுதான்.

அதனால் முதல் விஷயம்: எஞ்சினை தூக்கவே வேண்டாம். நெம்பலாம், உருட்டலாம், சறுக்கலாம்.

தேரோட்டம் சொல்லித் தரும் பாடம்

இது நமக்குப் புதுசு இல்லை. திருநெல்வேலி நெல்லையப்பர் கோவிலின் பெரிய தேர் சுமார் 450 டன் எடை என்று சொல்லப்படுது. அது நிலையை விட்டுக் கிளம்ப வடம் இழுத்தால் மட்டும் போதாது. பின்னால் இருந்து நீளமான மரத்தடிகளை சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நெம்புவாங்க. 'தடி போடுறது' என்று அதற்குப் பெயர். தேர் தேவைக்கு மேல் ஓடாமல் இருக்க சறுக்குக்கட்டை போடுவாங்க. நெம்புகோல், உருளை, கட்டை, கயிறு. எஞ்சினுக்கும் இந்த நாலுதான் வேணும்.

முதலில் எடையைக் குறைங்க

எஞ்சினில் ஆயில் மிச்சம் இருந்தால் வடிச்சிடுங்க. கியர் பாக்ஸைத் தனியாகக் கழட்டுங்க. அதோடு ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், கிளட்ச், ஃப்ளைவீல். எப்படியும் பிரிச்சு வேலை பார்க்கப் போகிற எஞ்சின் என்றால் சிலிண்டர் ஹெட்டையும் எடுத்துடலாம். ஒரு மணி நேர ஸ்பானர் வேலையில் கணிசமான எடை குறையும். பலர் இதைச் செய்யாததுக்குக் காரணம் சோம்பல்தான், வேற ஒண்ணும் இல்லை.

கடப்பாரை என்ன செய்யும்?

5 அடி கடப்பாரை. அதன் நுனியில் இருந்து அரை அடி தள்ளி ஒரு கட்டையை முட்டுக் கொடுங்க. மறுமுனையில் நீங்க அமுக்கும் பலம் 9 மடங்காகப் போய்ச் சேரும். எஞ்சினின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்புவதால் பாதி எடைதான், அதாவது 75 கிலோ. அதை அசைக்க சுமார் 8 கிலோ அழுத்தம் போதும். ஒரு அங்குலம் எழும்பியதும் அடியில் பலகைத் துண்டு. அடுத்து மறுபக்கம், அங்கேயும் ஒரு துண்டு. இப்படி மாற்றி மாற்றி ஏற்றினால் முழங்கால் உயரம் வரைக்கும் ஒரே ஆள் கொண்டு வரலாம். கார் ஜாக்கி இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது. கட்டை உள்ளே போன பிறகுதான் கை.

எங்கே நெம்புறோம் என்பதும் முக்கியம். எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் பான் மெல்லிய தகடு. அதில் கடப்பாரை பட்டாலோ, மொத்த எடையும் அது மேல் உட்கார்ந்தாலோ நெளிஞ்சிடும். பிளாக்கின் தடிமனான பகுதி, மவுண்டிங் போல்ட் இருக்கும் இடம், இதுதான் சரி.

உருட்டும்போது கவனிக்க வேண்டியது

எஞ்சினை ஒரு மரச் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்துங்க. அடியில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் துண்டுகள் நாலு. பின்னால் வெளியே வரும் பைப்பை எடுத்து முன்னால் போட்டுக்கிட்டே போகணும். சமதரையில் ஒரே ஆள் தள்ளலாம். பைப் கோணலாகத் திரும்பினால் கையால் நேராக்கவே கூடாது, கட்டையால் தட்டுங்க. விரல் போவது இங்கேதான்.

எட்டயபுரம் பக்கம் இன்னொரு சிக்கல், கரிசல் மண். வெயில் காலத்தில் வெடிப்பு, ஐப்பசி மழையில் சேறு. ரெண்டிலும் பைப் இறங்கிடும். ரெண்டு நீளப் பலகையைத் தண்டவாளம் மாதிரி போட்டு, அது மேல்தான் உருட்டணும்.

வண்டியில் ஏற்றுவது, இறக்குவது

வண்டித் தளம் இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 5 அடிப் பலகையைச் சாய்த்தால் எடையில் பாதியை இழுக்கணும், 75 கிலோ. 10 அடிப் பலகை என்றால் கால்வாசி, 38 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டு மூணு பேர் கயிறு பிடித்தால் ஏறிடும். பலகை 2 அங்குல கனமாவது இருக்கணும், நடுவில் முட்டுக் கொடுக்கணும். ஒவ்வொரு அடி ஏறும்போதும் பக்கவாட்டில் நிற்கும் ஒருத்தர் பின்னால் ஆப்பு வைக்கணும். பக்கத்தில் மேடு, வரப்பு ஏதாவது இருந்தால் வண்டியைப் பள்ளத்தில் நிறுத்தி, தளத்தை மேட்டுக்குச் சமமாகக் கொண்டு வந்துடுங்க. அதுக்கு மேல் நல்ல வழி கிடையாது.

இறக்கும்போதுதான் ஆபத்து அதிகம். ஏற்றத்தில் கை விட்டால் பின்னால் வைத்த ஆப்பில் நிற்கும், இறக்கத்தில் விட்டால் ஓடும். கயிற்றை வேப்பமரத்திலோ கல்தூணிலோ ரெண்டு சுத்து சுத்திட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்க. மரத்தோடு உரசும் பிடிப்பே பெரும்பகுதி எடையைத் தாங்கிக்கும். கயிறு பிடிக்கும் ஆளுக்குச் சில கிலோதான் தெரியும். கையில் மட்டும் கயிற்றைச் சுத்திக்கக் கூடாது. கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கவும் கூடாது. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடமே அடுத்தடுத்து அறுந்தது. பழைய கிணற்றுக் கயிறு எம்மாத்திரம்?

பலகைக்குக் கீழே எதிர்ப்பக்கமும் ஆள் கூடாது. எஞ்சின் சரிஞ்சால் பிடிக்கப் பார்க்காதீங்க, விலகிடுங்க. பிளாக் உடைஞ்சால் வேற வாங்கலாம்.

இறங்கும் இடத்தில் ஒரு பழைய டயரைப் போட்டு அது மேல் உட்கார வையுங்க. ஆயில் பான் நடுக்குழியில் இறங்கிக்கும், எஞ்சின் ஆடாது. வண்டியில் கொண்டு வரும்போதும் இதே டயர் உதவும். ஆனால் நாலு பக்கமும் கயிறு கட்டியே ஆகணும். மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் ஒரு திடீர் பிரேக் போட்டால், கட்டாத எஞ்சின் நேராக டிரைவர் கேபினை நோக்கித்தான் வரும்.

பேப்பரும் முக்கியம்

வாங்கும்போதே பில் கேளுங்க. அதில் எஞ்சின் நம்பர் இருக்கணும், பிளாக்கில் பொறித்திருக்கும் நம்பரோடு ஒத்துப் போகணும். தேய்த்து அழித்த நம்பர் என்றால் வாங்காதீங்க, திருட்டு வண்டியின் எஞ்சினாக இருக்கலாம். உங்க காரில் எஞ்சினை மாற்றிப் போட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தோடு தெரிவிக்கணும். மாற்றுவதற்கு முன்பே அனுமதி வேணுமா என்றும் அங்கே கேட்டுக்கோங்க. எஞ்சினைக் காருக்குள் இறக்கிட்டால் சில மாடல்களில் அந்த நம்பர் கண்ணுக்கே தெரியாது. அதனால் டயர் மேல் உட்கார்ந்திருக்கும்போதே துணியால் துடைச்சு, செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைச்சுக்கோங்க.