ஒரு துளி இரத்தத்தின் சாட்சியம்

முறைவைத்து வரும் காய்ச்சல்களை இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில் வகைப்படுத்தி விளக்கினார். மலேரியாவின் ஒட்டுண்ணியையோ, 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் நோயாளியின் இரத்தத்தில்தான் லாவெரான் கண்டார். அன்று முதல் இரத்தப் பரிசோதனையே நோயறிதலின் அடித்தளமாயிற்று.

அதன் அருமையை இலங்கையின் வரலாறு உணர்த்துகிறது. 1963இல் அங்கு பதிவான நோயாளிகள் 17 பேரே. நோய் ஒழிந்ததெனக் கருதிப் பூச்சிமருந்துத் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அப்பத்தாண்டு முடியுமுன்னரே இலட்சக்கணக்கானோரை மலேரியா மீண்டும் பீடித்தது. பின்னர், அரசு மருத்துவமனைகளிலும் நடமாடும் மருத்துவக் குழுக்களிலும் காய்ச்சல் கண்டோரின் இரத்தத்தைச் சோதித்து, உறுதியானோருக்கு முழுமையான மருந்தளித்த நெடிய உழைப்புக்குப் பின், 2016இல் உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது.

நாமகிரிப்பேட்டை போன்ற ஊர்களின் சுகாதார நிலையங்களுக்கும் இதுவே பாடம்: நோயாளிகள் அருகும் காலத்தில்தான் நுண்ணோக்கி உறங்கலாகாது.