பெட்டியில் இல்லாத மாடுகள்

பரங்கிப்பேட்டைச் சண்டையை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதுவரை பதினோரு முறை நடத்திவிட்டேன். நிஜத்தில் அது ஒரே முறைதான் நடந்தது, 1781 ஜூலை 1-ஆம் தேதி. கம்மாபுரத்திலிருந்து பஸ் மாறிப் போனால் ஒரு காலைப் பொழுதுக்குள் அந்தக் கடற்கரைக்குப் போய்விடலாம்.

சிப்பாய்கள் பழசு. ஆன்லைனில் ஒருவர் கழித்துக்கட்டிய ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் பொம்மைகள். 72-இல் ஒரு பங்கு அளவு, ஆள் உயரம் இரண்டரை சென்டிமீட்டர்கூட வராது. உண்மையில் இவை அமெரிக்க விடுதலைப் போருக்காகச் செய்யப்பட்டவை. காலம் சரியாகவே பொருந்துகிறது: அதே 1781-இல், அக்டோபரில்தான் கார்ன்வாலிஸ் யார்க்டவுனில் சரணடைந்தார். பொருந்தாதது முகம். பரங்கிப்பேட்டையில் சர் அயர் கூட்டின் கீழ் நின்ற எட்டாயிரம் சொச்சம் பேரில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் நம்மூர்ச் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ‘ஆங்கிலேயப் படை’ என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போய்விடுகிறோம். பெயின்ட் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் அப்படித் தாண்ட முடியாது. நாலு பொம்மைக்கு மூன்றின் முகத்துக்குப் பழுப்பு அடித்து, கரடித்தோல் தொப்பியை அறுத்துவிட்டு, எம்-சீலை உருட்டித் தலைப்பாகை கட்டினேன்.

சண்டை ஏன் அங்கே வந்தது என்பதற்குச் சுருக்கமான பதில், சோறு. 1781 பிப்ரவரியில் கடலூர் வந்த கூட் மாதக்கணக்கில் அங்கேயே முடங்கிக் கிடந்தார். உள்நாட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி வரவில்லை, எல்லாம் கப்பலில் வர வேண்டியிருந்தது. பிப்ரவரியில் கடலோரம் வந்து நின்ற தோர்வ்ஸின் பிரெஞ்சுக் கப்பற்படை இன்னும் சில வாரம் அசையாமல் இருந்திருந்தால் கூட்டின் கதை பட்டினியிலேயே முடிந்திருக்கும். அது மொரீஷியஸுக்குத் திரும்பிவிட்டது. ஜூன் 18-ஆம் தேதி, ஹைதர் அலியின் ஆட்கள் கோட்டையாக்கி வைத்திருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கி, அடிபட்டுத் திரும்பினார் கூட். கப்பலை ஒட்டியே இருக்க வேண்டும் என்று பரங்கிப்பேட்டைக்கு வந்தபோது, கடலூர் திரும்பும் வழியை மறித்துக்கொண்டு ஹைதர் நின்றார். அவர் படையைக் குறைத்துச் சொல்பவர்களே நாற்பதாயிரம் என்கிறார்கள். கூடச் சொல்பவர்கள் எண்பதாயிரம்.

எட்டாயிரம் எப்படி வென்றது? ஆங்கிலேய வரலாற்று நூல்களின் வழக்கமான விடை கட்டுக்கோப்பு. ஐரோப்பியப் பயிற்சி முன்னால் இந்தியக் கூட்டம் நிற்காது என்பது அதன் உட்பொருள்.

நான் பயன்படுத்துவது நீல் தாமஸ் 2014-இல் வெளியிட்ட ‘ஒன் ஹவர் வார்கேம்ஸ்’ விதிகளை. (எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ இதைவிடச் சுவாரசியமானது. ஆனால் அதில் ஸ்பிரிங் பீரங்கியால் மரத்துண்டைச் சுட வேண்டும். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரி அதைத் தாங்காது.) தாமஸின் விதிகள் எளிமை: ஆளுக்கு ஆறு அணி வரை, பகடை உருட்டி அடி, பதினைந்து அடி வாங்கிய அணி காலி, பதினைந்து சுற்றோடு ஆட்டம் முடிந்தது.

முதலில் புத்தகங்கள் சொல்கிறபடியே வைத்துப் பார்த்தேன். கம்பெனி அணிகளுக்குப் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு விதி. நாலு ஆட்டம், நாலிலும் கூட்தான். ஹைதராக விளையாடிய அக்கா பையன் கேட்டான்: “மாமா, உங்க ஆளுங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணு கூட?” நியாயமான கேள்வி. கட்டுக்கோப்பால் வென்றார்கள் என்பது ஆட்டத்தின் விடையே இல்லை, நான் உள்ளே எழுதி வைத்தது. கோடு எழுதுகிறவர்களுக்குப் பழகிய சங்கதிதான் இது.

அந்த ஒன்றை எடுத்துவிட்டு மணலைப் போட்டேன். கூட் நேராக மோதவில்லை. வடக்கே நடந்தவர் வலப்பக்கம் கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து, மன்றோவின் முதல் வரிசையை ஹைதரின் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டூவர்ட்டின் இரண்டாம் வரிசை மேடுகளைப் பிடித்துக்கொண்டு, ஏறி வந்த தாக்குதலைத் தடுத்தது. மேசை விரிப்புக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன். மேட்டில் குதிரைக்குப் பாதி வேகம். இடுக்கில் மூன்று அணிதான் நிற்க முடியும், மீதி ஹைதர் படை ரேஷன் கடை வரிசை மாதிரி பின்னால் காத்திருக்கிறது. நாற்பதாயிரம் என்ற எண் அங்கே அர்த்தமிழந்துவிடுகிறது. இப்படி ஏழு ஆட்டம். கூட் நாலு, ஹைதர் மூன்று. கையிலிருக்கும் மணலைவிட்டுப் பயிற்சியையும் இனத்தையும் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

இருந்தும் ஒன்று இடித்தது. மேசையில் தோற்ற ஹைதரின் பீரங்கிகள் ஒவ்வொரு முறையும் என் கையில் மாட்டின. நிஜத்தில் அவர் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார், கூட்டால் துரத்த முடியவில்லை. காரணம் மாடு. மைசூரின் அமிர்த மகால் மாடுகள், அந்தப் பெயர் திப்பு காலத்தில் வந்தது, பெயர் பெற்ற நடைக்காரர்கள். சிதம்பரத்தைக் காக்க ஹைதர் நூறு மைலை இரண்டரை நாளில் கடந்தது அந்த மாடுகளால்தான் என்பார்கள். கூட்டிடம் போதிய மாடு கிடையாது, குதிரைப்படையும் சொற்பம். எந்தக் கம்பெனியின் சிப்பாய்ப் பெட்டியிலும் நாலு வீரனுக்கு ஒரு மாடு என்று போட்டுத் தருவதில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒருவர், கொம்பு உடைந்ததென்று ஒதுக்கி வைத்திருந்த பதினான்கு மாடுகளைச் சும்மாவே கொடுத்தார். சிப்பாயைவிட மூன்று மடங்கு உயரம். அளவு தப்பு, முக்கியத்துவம் சரி.

இந்த மாடுகள் எங்கிருந்து வந்தன, எதைத் தின்றன என்று யோசித்தால் மேசை சின்னதாகிவிடுகிறது. 1780 ஜூலையில் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கிய ஹைதரின் குதிரைகள், எதிரிக்குத் தானியம் கிடைக்கக் கூடாதென்று ஊர்களைக் கொளுத்தின. கம்பெனியும் நவாபும் கிராமங்களைச் சுரண்டியதில் குறைவைக்கவில்லை. 1782-இல் பஞ்சம் முற்றி, சென்னைக்கு வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையில் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்கு எந்த விதிப் புத்தகத்திலும் ஒரு பொம்மை இல்லை. பதினைந்து அடி வாங்கினால் காலி என்ற கணக்கும் அவருக்குப் பொருந்தாது.

இப்போதைய விதி: பீரங்கி நகர ஒரு மாடு. மூன்று சுற்றுக்கு ஒரு மாட்டைப் படை தின்றுவிடும். ஹைதருக்குப் பத்து, கூட்டுக்கு நாலு. கடைசி ஆட்டத்தில் ஒன்பதாம் சுற்றிலேயே மணல்மேடு என் கையில். மாடு மிச்சம் ஒன்று. அக்கா பையன் பீரங்கிகளை ஒவ்வொன்றாக மேசை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனான், சிரித்துக்கொண்டே.

கூட் அந்த வருஷமே ஆகஸ்டில் பொள்ளிலூரிலும் செப்டம்பரில் சோளிங்கரிலும் மறுபடி ஹைதரோடு மோதினார். போர் 1784 வரை ஓடியது. அடுத்து சோளிங்கர் போடலாமென்று இருக்கிறேன். அதற்கு இன்னும் மாடு வேண்டும்.