கோவளத்தில் நடந்த நாடகம்

2003இல் வெளிவந்த ‘லா கிராந்த் செதுக்சியோன்’ என்னும் பிரெஞ்சு மொழி நகைச்சுவைப் படம், கனடாவின் கியூபெக் மாநிலத்துச் சிறிய மீனவ ஊர் ஒன்றின் கதை. மீன்பிடித் தொழில் நசிந்து, அரசின் உதவித்தொகையில் காலந்தள்ளும் ஊர் அது. அங்கே ஓர் ஆலை வரவேண்டுமானால் மருத்துவர் ஒருவர் நிலையாகக் குடியிருக்க வேண்டும். ஒரு மாதம் மட்டும் தங்க வந்த இளம் மருத்துவரை மயக்க ஊரே வேடமிடுகிறது. அவருக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்பதால், அந்த ஆட்டத்தின் அரிச்சுவடி அறியாதவர்கள் வெள்ளுடை அணிந்து மட்டையோடு நிற்கிறார்கள். அவருடைய தூண்டிலில் உறைந்த மீனை மாட்டிவிடுகிறார்கள்.

சிரித்துக்கொண்டே பார்த்தபோது எனக்கு நம் கோவளம் நினைவுக்கு வந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள அம்மீனவ ஊரில் 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் கோட்டை ஒன்று இருந்தது. 1750இன் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கப்பலொன்று அதன் எதிரே நங்கூரமிட்டு அபாயக் குறி காட்டியது. மாலுமிகளில் பெரும்பாலோர் சொறி கரப்பான் நோயால் மாண்டனர், கரையிறங்காவிடில் எஞ்சியோரும் பிழையார் என்று முறையிட்டனர். நவாபின் அதிகாரி இசைந்தார். தம் இரக்கத்துக்குத் தக்க வெகுமதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் அவருக்கு இருந்ததாம். மெலிந்த தோற்றமுடைய 30 பேர் கோட்டைக்குள் அனுமதிக்கப்பட்டனர். ஆடைக்குள் ஆயுதங்களை மறைத்திருந்த அவர்கள், இரவில் காவலரை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றினர். இதைப் பதிவு செய்தவர் ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம்.

1752இல் ராபர்ட் கிளைவ் அதை மீட்க வந்தார். அவருடைய புதுச் சிப்பாய்கள் போரறியாதவர்கள். குண்டுச் சத்தத்துக்கு அஞ்சி ஓடிய ஒருவன் மறுநாள் கிணற்றுக்குள் கண்டெடுக்கப்பட்டான்! ஆயினும் கோட்டை பணிந்தது. அச்செய்தி அறியாமல் செங்கற்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படை பதுங்கித் தாக்கப்பட்டுச் சிதறியது. அடுத்துச் செங்கற்பட்டுக் கோட்டையும் வீழ்ந்தது. கோவளம் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இரண்டும் வேடந்தான். ஒன்றில் மட்டும் நம்மால் மனமாரச் சிரிக்க முடிகிறது. படத்து ஊரார் தாம் ஏமாற்றிய மனிதரோடு நாளையும் வாழ வேண்டியவர்கள். அவர்மீது அன்பு பிறந்த பின் பொய் அவர்களையே உறுத்துகிறது. உண்மை வெளிப்பட்ட பிறகும் மருத்துவர் தங்குகிறார். கப்பலில் வந்தவர்களுக்கோ அந்த உறவு தேவைப்படவில்லை. நோயாளிக்குத் திறந்த கதவு அவர்களுக்கு ஒரு போர்வழி, அவ்வளவே.

அந்த இரவுக்குப் பின், மெய்யாகவே நோயுற்ற மாலுமிகளோடு ஒரு கப்பல் அக்கரைக்கு வந்திருந்தால், யார் நம்பியிருப்பார்கள்? தகர்ந்த கோட்டையைவிட எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுவது அதுதான்.