சுருத தேவியின் கருவூலம்

ஆலயத்திற்குக் கோபுரம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அறநூல்களைக் காக்கும் சுவடிச்சாலை. கோபுரம் நெடுந்தொலைவில் வருவோர்க்குக் கோயிலைக் காட்டும். சுவடியோ நெடுங்காலத்திற்குப் பின் வருவோர்க்குக் கோயிலின் உட்பொருளைக் காட்டும். குடமுழுக்கு விழாவெனும் இந்நன்னாளில் மெய்யன்பர்கள் அவ்வுண்மையைச் சிந்தித்தல் நலம்.

செஞ்சி, திண்டிவனப் பகுதியில் விளங்கும் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமைத் திருமடம் அமைந்த ஊராகும். இங்குள்ள மல்லிநாதர் ஆலயத்துப் பாறையிலே பாகுபலி, பார்சுவநாதர், தர்மதேவி முதலியோரின் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் அழியாது திகழ்கின்றன. சினகாஞ்சி மடம் என வழங்கும் இத்திருமடத்தின் பட்டாரகர், இலட்சுமிசேனர் என்னும் திருப்பெயரை வழிவழியாகத் தாங்கி வருகின்றார். இம்மடத்தில் ஓலைச்சுவடிகளும் காக்கப்பெற்று வருகின்றன. கல்லில் வடித்தது தானே நிற்கும். ஓலையில் எழுதியதோ ஒருவர் கைபட்டாலன்றி நில்லாது. இவ்வேற்றுமையே நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பண்டைப் பாரதத்தின் பெருநூலகம் யாது எனின், மகத நாட்டு நாலந்தாவையே அறிஞர் சுட்டுவர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தோன்றிய அப்பள்ளியின் நூல்நிலையம் மூன்று மாளிகைகளாக விளங்கியதென்று திபெத்திய மரபு கூறும். 12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அப்பள்ளி அழிவுற்றது. ஆயினும் அதன் அறிவு முற்றும் மாயவில்லை. ஏன்? 7ஆம் நூற்றாண்டில் அங்குப் பயின்ற சீனத்துறவி யுவான் சுவாங், பாரதத்திலிருந்து 657 நூல்களைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். திபெத்தியரும் பல நூல்களை மொழிபெயர்த்துப் போற்றினர். படியெடுத்தவை பிழைத்தன. 2010இல் இயற்றிய சட்டத்தின் வழியே நாலந்தாப் பல்கலைக்கழகம் மீண்டும் உருவாகி, 2014இல் வகுப்புகள் தொடங்கின. 2024இல் புதிய வளாகம் திறக்கப்பெற்றது. கட்டடத்தை எண்ணூறு ஆண்டு கழித்தும் எழுப்பலாம். படியெடுக்காது அழிந்த நூலை எவ்வாறு எழுப்புவது?

சமணப் பெரியோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் நால்வகைத் தானத்துள் ஒன்றாக வைத்தனர். நூலைப் படியெடுப்பித்துத் துறவியர்க்கும் ஆலயத்திற்கும் அளித்தல் பெரும்புண்ணியம் எனச் சிராவகர்கள் கொண்டனர். ஜ்யேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமியைச் சுருத பஞ்சமி எனப் போற்றி, அன்று நூல்களை எடுத்துத் தூய்மை செய்து பூசித்தனர். வழிபாடே பாதுகாப்பாயிற்று. ஓலையைத் தின்னும் பூச்சிக்கும் ஈரத்திற்கும் எதிராக ஆண்டுதோறும் ஒரு காவல் நாளை வகுத்த பேரறிவு வியத்தற்குரியது!

இதன் பயனைத் தமிழுலகம் முழுதும் நுகர்ந்தது. 1880இல் குடந்தையில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பயிலத் தொடங்கினார். சமயக் கருத்துக்கள் விளங்காது இடர்ப்பட்ட அவருக்கு ஒளி தந்தது, அந்நகரத்துச் சமணர் இல்லமே. அங்கே சிந்தாமணியைப் பல மாதங்கள் பாராயணம் செய்து நிறைவுப் பூசை நடத்தும் வழக்கம் இருந்தது. சுவடி பெட்டியில் உறங்காது செவியிலும் நாவிலும் உலவியமையால், ஐயரவர்கள் 1887இல் அதனைச் செவ்விய பதிப்பாக வெளியிட முடிந்தது. ஐயரவர்கள் சைவர், நூலோ சமண நூல். தமிழன்பு இரண்டையும் இணைத்தது. பின்னர் அ. சக்கரவர்த்தி நயினார், மேருமந்தர புராணத்தையும் நீலகேசியையும் பதிப்பித்துத் தம் முன்னோரின் கடனைத் தொடர்ந்தார்.

இன்று கருவிகள் பெருகியுள்ளன. 2003இல் நடுவணரசு தேசியச் சுவடி இயக்கத்தைத் தொடங்கியது. 2025இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கருதி ஞானபாரதம் திட்டம் அறிவிக்கப்பெற்றது. மின்னணுப் படியெடுத்தலால் ஓலையைத் தொடாமலே உலகெங்கும் பயிலலாம். ஆயினும் படமெடுத்தல் பாதி வேலையே. கிரந்த எழுத்தையும் பழந்தமிழ் எழுத்தையும் படித்துப் பொருளுணர்வோர் அருகி வருகின்றனர். படிப்பார் இல்லாத நூல், படத்தில் இருந்தாலும் ஓலையில் இருந்தாலும் ஊமையே அன்றோ?

ஆகலின், அருங்கொடையாளர்களே! கலசத்திற்குப் பொன்னும் தேருக்குப் பொருளும் வழங்கும் உங்கள் திருக்கரங்கள், ஒரு சுவடியைத் தூய்மை செய்யவும், படியெடுக்கவும், அதனைப் படிக்கும் ஓர் இளைஞனைப் பயிற்றவும் உதவுக. கலசம் ஏறிய பின் அதனை அண்ணாந்து பார்த்து மகிழ்வோம்; சுவடி வாழ்ந்தால், எவரை நினைந்து மகிழ்கின்றோம் என்பதையும் நம் மக்கள் அறிவர். சாத்திர தானம் தழைக்க! சினவறம் ஓங்குக!