ஊசி காட்டும் வடக்கு

நேரலையைப் பார்க்கிற உங்களில் பாதிப் பேர் கைப்பேசியில்தான் பார்ப்பீர்கள். அதற்குள் ஒரு திசைகாட்டி இருக்கிறது. அதை நம்பி நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இங்கே ஜெபல் அலியில் இரவுப் பணி. எழுந்து உட்கார முடியாத ஒரு பெரியவர், "சிஸ்டர், கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கைப்பேசியைக் கட்டில்மேல் வைத்துப் பார்த்து, அதன் கணக்கில் கட்டிலையே திருப்பிவிட்டேன். விடிந்ததும் வந்த மகன், ஜன்னல் வழியே தெரிந்த பள்ளிவாசலைக் காட்டி, "இது பக்கம் மாறியிருக்கே" என்றார். இரும்புக் கட்டில் ஊசியை இழுத்திருக்கிறது. பெரியவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் கிறிஸ்தவள்தான், ஆனால் ஒருவர் எந்தத் திசை நோக்கி ஜெபிக்கிறார் என்பது அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகுதான் இந்த ஊசியின் கதையைத் தேடிப் படித்தேன்.

காந்த ஊசி பூமியின் வடதுருவத்தைக் காட்டுவதில்லை. அந்தந்த இடத்தில் பூமியின் காந்தப்புலம் ஓடும் திசையில் நிற்கிறது, அவ்வளவுதான். அதற்கும் உண்மை வடக்குக்கும் இடையிலுள்ள கோணம் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். துபாய்ப் பக்கம் இப்போது ஏறக்குறைய 2 பாகை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊசியின் வடமுனையை ஈர்க்க எதிர்முனைதானே வேண்டும்? ஆகவே வடக்கே இருப்பது, காந்தக் கணக்கில், ஒரு தென்முனை. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அந்த இடத்தைக் கனடாவின் வட விளிம்பில் கண்டார். இன்று அது அங்கே இல்லை. சைபீரியா பக்கமாக நகர்ந்துவிட்டது.

இந்த வளைகுடாவின் பழைய மாலுமிகள் ஊசியை மட்டும் நம்பவில்லை. இன்றைய ராஸ் அல் கைமாவில் இருந்த ஜுல்ஃபாரில் பிறந்தவர் அஹ்மத் இப்னு மாஜித். 1490 வாக்கில் அவர் எழுதிய கடல் நூலில் சோழமண்டலத்து மாலுமிகளைப் பற்றியும் பேசுகிறார். அவர்களுடைய திசைவட்டத்தின் 32 பங்குகளுக்கும் விண்மீன்கள் எழும், மறையும் இடங்களே பெயர். வடக்கு துருவமீன். தெற்கை ஒட்டி ஒரு பங்கு சுஹைல். ஆகஸ்ட் கடைசியில் சுஹைல் விடியலில் எழுந்தால் வெயில் தணியும் என்று எமிராத்திகள் இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சுஹைலைத்தான் நாம் அகத்தியர் என்கிறோம்.

அகத்தியர் பெயரிலேயே ஒரு காந்த வரலாறும் இருக்கிறது. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தார். 1852இல் அங்கே பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரௌன், 6,000 அடிக்கு மேல் உயர்ந்த அகத்தியர் மலை உச்சியிலும் ஒரு காந்த ஆய்வுக்கூடம் கட்டினார். மழையும் குளிரும் யானையும் உள்ள காடு அது. தொங்கவிட்ட ஊசி பகலிலும் இரவிலும் எவ்வளவு அசைகிறது என்று அவருடைய உள்ளூர் உதவியாளர்கள் மணிக்கொருமுறை பார்த்து எழுதினார்கள். (இரவுப் பணியில் மணிக்கொருமுறை நாடி எழுதுகிறவளுக்கு அந்த அருமை புரியும். புத்தகத்தின் அட்டையில் புரௌன் பெயர்தான்.) அப்படிப்பட்ட கூடங்களில் ஓர் இரும்பாணிகூட ஆகாது. நான் இரும்புக் கட்டிலின்மேல் வைத்துப் பார்த்திருக்கிறேன்!

ஏன் அந்த ஊர்? பூமியின் காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கமாகப் போகிறது. அந்தக் கோட்டில் ஊசி மேலும் சாயாது, கீழும் சாயாது, கிடையாக நிற்கும். ஊசியின் அன்றாட அசைவோ, சூரியன் வடக்கே இருக்கும் மாதங்களில் ஒருவிதம், தெற்கே போன மாதங்களில் அதற்கு நேர்மாறு. புரௌன் தன் அளவீடுகளை 1874இல் நூலாக வெளியிட்டார். அதே கோட்டுக்காகத்தான் 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அதற்காக அங்கிருந்த மீனவர்கள் தங்கள் மரிய மதலேனாள் கோயிலையே விட்டுக்கொடுத்தார்கள்.

பெரியவருடைய கட்டிலை அன்று காலையே மகனும் நானும் சேர்ந்து திருப்பினோம். எதிர்ச்சுவரில் ஒரு துண்டு மருத்துவ பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் அம்புக்குறி போட்டேன். அறையைச் சுத்தம் செய்ய வருகிற பையன் இதுவரை அதை உரிக்கவில்லை.