தத்துக் கொடுத்தவள்

தஞ்சைச் சீமையில் சுவீகாரம் என்ற சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது குழந்தையல்ல; நிலம். நாலு வேலி நஞ்சையும் ஆற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பும் உள்ள மிராசுதாருக்குப் பிள்ளையில்லை என்றால், பங்காளிகளின் கண் அவர் வரப்பின் மேல் இருக்கும். அவர் கண் பங்காளிகள் வீட்டுத் திண்ணையில் விளையாடும் பையன்கள் மேல் இருக்கும். கொள்ளி போட ஒருவன் வேண்டும். பட்டாவில் பெயர் நிற்க ஒருவன் வேண்டும். நல்ல நாள் பார்த்து, ஹோமம் வளர்த்துப் பிள்ளையை வாங்கிக் கொள்வார்கள். இருபது வருஷம் கழித்து வழக்கு நடக்கும். சாட்சி சொல்லப் புரோகிதர் வருவார், கணக்குப்பிள்ளை வருவார், விருந்துக்குச் சமைத்தவர்கூட வருவார். பிள்ளையைப் பெற்றுக் கொடுத்தவளை மட்டும் யாரும் தேட மாட்டார்கள்.

அவளைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். முக்கியமாக, தான் கேளாமலே வயிற்றில் வந்துவிட்ட ஒரு சிசுவை வளர்ப்பதா, கொடுப்பதா என்று தனியாக யோசித்து யோசித்து மாதங்களைக் கழித்தவளைப் பற்றி.

சரித்திரப் பிரசித்தி பெற்ற சுவீகாரம் ஒன்று தஞ்சாவூரிலேயே நடந்தது. 1787 ஜனவரியில் துளஜா மகாராஜா மரணப்படுக்கையில் இருந்தார். பெற்ற பிள்ளைகள் தக்கவில்லை. போன்ஸ்லே குலத்தைச் சேர்ந்த ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்துக் கொண்டார். ஒன்பது வயது நிரம்பியவன். அவன்தான் சரபோஜி. சில நாட்களில் ராஜா காலமானார். ராஜாவின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் அமர்சிங் பட்டத்துக்கு வந்தார். கம்பெனியார் பண்டிதர்களைக் கூட்டிக் கேட்டார்கள். ராஜாவுக்குப் புத்தி தெளிவாக இருந்ததா? பையனுக்கு வயது அதிகமல்லவா? அவன் தகப்பனுக்கு ஒரே மகனல்லவா? இப்படிக் காரணங்கள் சொல்லி, அந்தச் சுவீகாரம் செல்லாது என்றார்கள். பிறகு வேறு பண்டிதர்களைக் கேட்டபோது செல்லும் என்ற பதில் வந்தது. ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் பாதுகாப்பில் வளர்ந்த சரபோஜி 1798-ல் சிம்மாசனம் ஏறினார். மறு வருஷமே, 1799-ல், ராஜ்ய நிர்வாகத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்கு மிஞ்சியவை கோட்டையும், வருமானத்தில் ஒரு பங்கும், சரஸ்வதி மகாலும். அந்தப் புத்தகசாலையை அவர் வளர்த்ததற்காகவே நாம் அவரை வணங்கலாம். 1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தபோது, கம்பெனியார் அந்த ராஜ்யத்தையே இல்லையென்று ஆக்கிவிட்டார்கள்.

இத்தனை விவாதத்தில் எனக்கு உறுத்துவது ஒன்று. எடுத்துக் கொண்டவரின் புத்தியை ஆராய்ந்தார்கள். கொடுக்கப்பட்டவனின் வயதை எண்ணினார்கள். பத்து மாதம் சுமந்தவளின் மனசு இந்தக் கேள்விகளில் எதிலும் இல்லை. பண்டிதர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் படித்த சாஸ்திரப்படி பிள்ளையைக் கொடுக்கும் அதிகாரம் தகப்பனுக்கு. புருஷன் அனுமதியில்லாமல் ஸ்திரீ பிள்ளையைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பது வசிஷ்டர் பெயரால் வழங்கும் விதி. புருஷனே இல்லாமல் தாயானவளுக்கு எந்த விதி என்று நாம்தான் கேட்க வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், பழைய தர்மசாஸ்திரம் இந்தக் கேள்விக்குக் கண்ணை மூடிக் கொள்ளவில்லை. மனு பன்னிரண்டு வகைப் புத்திரர்களைக் கணக்கிடுகிறார். கன்னிப் பெண் பெற்றவன் கானீனன். கல்யாணத்தின்போதே மணப்பெண்ணின் வயிற்றில் இருந்தவன் சகோடன். யாருக்கென்று தெரியாமல் வீட்டுக்குள் ரகசியமாகப் பிறந்தவன் கூடோத்பன்னன். பெற்றவர்கள் கைவிட்டு, வேறொருவர் எடுத்து வளர்த்தவன் அபவித்தன். ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர், ஒரு வீடு, பங்கில்லாவிட்டாலும் ஒரு உறவு. கானீனன் அவளைப் பின்னால் மணப்பவனுக்குப் பிள்ளை என்று மனு சொல்கிறார். அவளுடைய தகப்பனாருக்குப் பிள்ளை என்று யாக்ஞவல்கியர் சொல்கிறார். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அந்தக் காலத்திலும் இருந்திருக்கும். ஆனால் குழந்தையை எங்கே சேர்ப்பது என்பதற்கு ஒரு பதிலாவது இருந்தது.

நாளாவட்டத்தில் இந்தப் பட்டியல் சுருங்கியது. கலியுகத்துக்கு ஏற்றவை இரண்டே என்றார்கள் பிற்கால நிபந்தனக்காரர்கள்: வயிற்றுப் பிள்ளை, தத்துப் பிள்ளை. நந்த பண்டிதரின் தத்தக மீமாம்ஸையை ஸதர்லண்ட் என்பவர் 1821-ல் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அதையும் அதன் துணை நூலையும் வைத்துக் கொண்டுதான் கம்பெனிக் கோர்ட்டுகள் தீர்ப்பு எழுதின. தத்தில் கொடுப்பதற்குத் தகப்பனோ தாயோ இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, யாரோ விட்டுப் போன குழந்தையைத் தத்து எடுக்கவே முடியாது. கொடுப்பதற்கு ஆள் இல்லையே! பெண் குழந்தையைத் தத்தெடுப்பதும் பொதுவாகச் செல்லாது. கொள்ளி போட அவள் உதவமாட்டாளே! பன்னிரண்டு வாசல் இருந்த வீட்டில் பத்து வாசலை அடைத்துவிட்டார்கள். கல்யாணமாகாத தாயின் குழந்தை அந்தப் பத்து வாசலுக்கும் வெளியே நின்றது.

கதைக்காரர்களும் அவளுக்கு உபகாரம் செய்துவிடவில்லை. நம் பத்திரிகைக் கதைகளில் இந்த நிலைக்கு வந்த பெண்ணைக் காவேரிப் படித்துறைக்கு அனுப்பி வைத்தவர்கள் எத்தனை பேர்! காவேரி இல்லாவிட்டால் கொல்லைக் கிணறு. ஆசிரியருக்கு முடிவு சுலபமாகிவிடுகிறது. வாசகருக்கும் கண்ணீர் வந்துவிடுகிறது. குந்தியைப் பெட்டியோடு ஆற்றங்கரையில் நிறுத்திய வியாசர் அந்த வழியில் போகவில்லை. அந்தப் பெட்டி ஒரு தேரோட்டி வீட்டைச் சேர்ந்தது. பிள்ளையில்லாத ராதை அதை மார்போடு அணைத்துக் கொண்டாள். பிறகு தாய் யாரென்று தெரிந்த பின்னும், அரசு தருகிறோம் என்று ஆசை காட்டிய பின்னும், வளர்த்தவளை விட்டு வர மாட்டேன் என்றான் கர்ணன். தத்தைப் பற்றி இதைவிடப் பெரிய வார்த்தையை எந்தத் தீர்ப்பிலும் நான் பார்த்ததில்லை. அந்த வியாசரே ஒரு கானீனர் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெண் குழந்தையைத் தத்தெடுக்க வழியில்லை என்றேன். ஒரு கூட்டத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. தேவதாசிகள் பெண்ணைத் தத்தெடுத்துக் கொள்வது வழக்கம். பம்பாய் ஹைகோர்ட் 1880-ல் அதை ஏற்க மறுத்தது. சென்னையிலோ சில வழக்குகளில் ஒப்புக் கொண்டார்கள். கையில் காசில்லாத தாய் பெண்ணைக் கொடுக்க நினைத்தால் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். மாயவரத்தை அடுத்த மூவலூரில் அப்படி ஒரு கொடுக்கல் நடந்தது. 1883-ல் பிறந்த ஒரு பெண் குழந்தை. தகப்பன் பிழைப்புக்காகப் பட்டணம் போய்விட்டார். தனியாக நின்ற தாய், பத்து ரூபாய்க்கும் ஒரு பழம் புடவைக்கும் மகளை ஒரு தாசியிடம் கொடுத்தாள். அந்தக் குழந்தைதான் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். பொட்டுக் கட்ட மறுத்து, இசை கற்றுத் தந்தவரையே மணந்து, அந்த முறையையே ஒழிக்கக் கிளம்பிய வீரப் பெண்மணி. 1936-ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததை அவர் கண்ணால் பார்த்தார், 1962-ல் மறைந்தார். தமிழ்நாட்டு அரசு ஏழைப் பெண்களுக்கான உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது.

அந்தத் தாயை என்னால் திட்ட முடியவில்லை. பத்து ரூபாய் வாங்கினாளே என்று கேட்பவர்கள், அந்தப் பழம் புடவையையும் யோசிக்க வேண்டும். மாற்றுக்கு ஒரு புடவை இல்லாதவள் அவள். விற்றாள் என்று எழுதுவதா, கொடுத்தாள் என்று எழுதுவதா, பிடுங்கப்பட்டாள் என்று எழுதுவதா? வேறு வழி எதுவும் இல்லாதவள் செய்வதை முடிவு என்று சொல்லலாமா?

சட்டம் மெள்ள மெள்ளத்தான் கண் திறந்தது. 1956-ல் வந்த ஹிந்து தத்துச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. பெண்ணும் தன் பெயரிலேயே தத்தெடுக்கலாம் என்றது. 1962-ல் செய்த திருத்தத்தால், கைவிடப்பட்ட குழந்தையையும் பெற்றோர் தெரியாத குழந்தையையும் கோர்ட் அனுமதியோடு கார்டியன் கொடுக்கலாம் என்று ஆயிற்று. மனு அபவித்தன் என்று பெயர் வைத்தவனுக்குக் கடைசியில் கதவு திறந்தது! தகப்பனுக்குச் சமமாகத் தாய்க்கும் கொடுக்கும் உரிமை வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1992-ல் தமிழ்நாட்டு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்தது. பெண் சிசுவைக் கள்ளிப் பாலுக்குக் கொடுப்பதைவிடத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்றது அரசாங்கம். தொட்டிலா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆற்றில் விட்ட பெட்டியைவிட அது மேல் என்பதே என் கட்சி.

இன்றைய நிலை என்ன? தனியாக யோசித்துக் கொண்டிருக்கும் பெண்ணுக்கு இது உபயோகப்படும் என்பதால் சற்று விவரமாகச் சொல்கிறேன். வயிற்றில் இருக்கும் சிசுவை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தாலும் அது அவளைக் கட்டாது. பிரசவத்துக்குப் பிறகு, 2015-ம் வருஷத்துச் சட்டப்படி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால்தான் ஒப்படைக்க வேண்டும். கல்யாணமாகாத தாய் என்றால் அவள் கையெழுத்து ஒன்றே போதும். தகப்பனைத் தேடிக் கொண்டு ஓட வேண்டாம். அவள் யாரென்பதை ரகசியமாக வைப்பார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் இரண்டு மாதம் யோசிக்க அவகாசம் உண்டு. அதற்குள் மனசு மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். சூழ்நிலையால் கொடுக்க நேர்ந்தவளை, வேண்டுமென்றே கைவிட்டவளாகச் சட்டம் கருதாது. ஆனால் தரகரிடமோ, ஆஸ்பத்திரியில் இடையில் நிற்கும் ஆளிடமோ பணத்துக்குக் கொடுப்பது குற்றம். பத்து ரூபாயானாலும் பத்து லட்சமானாலும் ஒன்றுதான்.

கொடுக்கச் சொல்லி இதை நான் எழுதவில்லை. வைத்துக் கொள்ளச் சொல்லியும் எழுதவில்லை. வளர்ப்பவளின் தியாகத்தைப் பாடும் ஊர், கொடுத்தவளை நெஞ்சில் ஈரமில்லாதவள் என்கிறது. வளர்க்கத் துணிந்தால் மானமில்லாதவள் என்கிறது. ஊரின் இரண்டு வாயையும் மூட எந்தச் சட்டத்தாலும் ஆகாது. ஆனால் சுவீகார ஹோமத்தில் தகப்பன் கையை மட்டும் பார்த்த தேசத்தில், இன்று ஒரு பத்திரம் அவள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. போட்ட பிறகும் அறுபது நாள் அவளுக்காகச் சும்மா இருக்கிறது. சரபோஜியைப் பெற்றவளுக்கும், மூவலூர்க் குழந்தையைப் பெற்றவளுக்கும் அந்த அறுபது நாள் கிடைத்ததில்லை.